நாக்கினால் ஒரு சோதனை

வாகனங்களைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகங்களில் காலத்தைக் கழித்தவன் நான். சொந்தமாக ஒரு கார் வைத்திருந்தவனும் அல்லன். ஆயினும், 2023 கோடையில் ஜேர்மனியில் என் பெறாமகன் வீட்டிலே தங்கியிருந்தபோது நேர்ந்த ஒரு சம்பவத்தை எழுதாமல் விட மனம் இடந்தரவில்லை.

தம்பியின் மகன் அவன். ஆறு வயதிலே யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவன். அவனுடைய கராஜில் 1971ஆம் ஆண்டுப் போர்ஷ 914 ஒன்று நிற்கிறது. வொக்ஸ்வாகனும் போர்ஷவும் கூட்டாக உருவாக்கி, 1969 முதல் 1976 வரை விற்பனைக்கு விட்ட இரு ஆசனக் கார் அது. ஜேர்மனியர் அதைச் சற்று ஏளனமாக 'மக்கள் போர்ஷ' என்று சொல்வதுண்டாம். எஞ்சின் ஆசனங்களுக்கு நேர் பின்னே, வண்டியின் நடுப்பகுதியில் இருக்கிறது. 1.7 லீற்றர், காற்றினாற் குளிர்விக்கப்படும் நான்கு சிலிண்டர், 80 குதிரைவலு. பந்தயக் குதிரைபோலத் தோற்றம். ஓட்டம் என்னவோ அடக்கமானதுதான். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் அந்தக் காரிலேதான் போவான்.

அந்த ஆண்டு கார் கரும்புகை கக்கியது. பெற்றோல் நாற்றம் தாங்க முடியவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினான். நான்கிலும் அடுப்புக்கரி போலப் புகைக்கரி அப்பியிருந்தது.

"மூளைக்குப் போற செய்தி பிழை, பெரியப்பா. சென்சர் செத்துப்போச்சு" என்றான்.

செய்தி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் இருந்த பழைய ஆசாமி விழித்துக்கொண்டான். விளக்கமாகச் சொல்லும்படி கேட்டேன். அவன் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் தருகிறேன்.

அக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றுக்குக் காபரேற்றர்தான். இந்தக் காருக்கோ, பொஷ் நிறுவனம் 1967இல் அறிமுகம் செய்த டி-ஜெற்றோனிக் என்னும் மின்னணுப் பெற்றோல் தெளிப்பு முறை. 'டி' என்பது அழுத்தத்தைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லின் முதலெழுத்து. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வழியில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பதைக் கொண்டே எவ்வளவு பெற்றோல் தெளிப்பது என்பது தீர்மானிக்கப்படுகிறது. கார் நின்ற நிலையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெற்றிடம் மிகுதி. பெற்றோல் குறைவாகப் போதும். காலை அழுத்தி மேட்டில் ஏறும்போது வெற்றிடம் குறையும். பெற்றோல் கூடுதலாக வேண்டும். இந்த வெற்றிடத்தை அளப்பது ஓர் உலோகப் பேணிக்குள் அடங்கிய உணரி. உள்ளே காற்று நீக்கி மூடிய உலோகச் சிமிழ்கள், பாரமானியில் இருப்பவை போல. அவை விரிந்து சுருங்கும்போது கம்பிச் சுருள்களுக்கிடையே ஓர் இரும்புத்துண்டு நகரும். அந்த நகர்வை மின்சமிக்ஞையாகப் பெற்றுத்தான் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள 'மூளை' கணக்குப் பார்க்கிறது.

சுருள்கள் இரண்டையும் பெறாமகன் அளந்திருந்தான். ஒன்று ஏறத்தாழ 90 ஓம், மற்றையது 350 ஓம்; இரண்டும் சரி. ஆனால், கைப்பம்பியால் 15 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் இழுத்து விட்டால், மானியின் முள் நிற்காமல் இறங்கியது. உள்ளேயுள்ள மெல்லிய உலோகச் சவ்வு வெடித்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டான். ஐம்பது வயதான சவ்வுகளுக்கு அது வழக்கமான முடிவு என்பதால் அவனைக் குறைசொல்வதற்கில்லை.

அந்த உணரி இப்போது புதிதாகச் செய்யப்படுவதில்லை. பழுதுபார்த்த ஒன்றுக்குப் பல நூறு யூரோ. வாங்குமுன், தன்னுடையதையே திறந்து பார்ப்போம் என்று எண்ணினான். அதன் திருகாணியைத் தொழிற்சாலையிலேயே பசை ஊற்றி மூடியிருந்தார்கள். அதை உடைத்துத் திருகினால் பழைய அளவு போய்விடும். சரியான கருவிகள் இல்லாமல் மீட்க முடியாது. மூடியை உடைக்கும் ஊசி அவன் கையில் இருந்தது.

"பம்பியை எங்கை கொழுவினனீ?" என்று கேட்டேன்.

எஞ்சின் மூடி ஒடுங்கியது. உணரியோ ஒரு மூலையில் இருந்தது. ஆகவே அதை அதன் குழாயோடு விட்டு, குழாயின் மறுமுனையில் பம்பியைப் பொருத்தியிருக்கிறான். அப்படியானால் அவன் சோதித்தது உணரியை மட்டுமன்று.

இங்கே நான் சற்று விலகிப் போகவேண்டும். 1979இல், செய்தி ஆசிரியர் பொறுப்பில் நான் இருந்த நாட்களில், வன்னிக் கிராமமொன்றில் குளக்கட்டு உடைப்பெடுத்தது. அப்பகுதி நிருபர் ட்ரங்க் கோலில் செய்தி சொன்னார். முந்நூறு குடும்பங்கள் வீடிழந்தன என்று மறுநாள் அச்சேறியது. உண்மையில் முப்பது. அதிகாரிகள் கொதித்தார்கள், பத்திரிகை மறுப்பு வெளியிட நேர்ந்தது. மிகைப்படுத்துகிறவர் என்று குறிப்பெழுதி அவரை நிறுத்தியவன் நானே. மூன்று மாதங்கள் கழித்து அவர் பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்தார். தாம் தொலைபேசியில் வாசித்த தாளின் கார்பன் பிரதியை என் மேசையில் வைத்தார். முப்பது என்று எழுத்தால் எழுதி, பக்கத்தில் இலக்கத்திலும் போட்டிருந்தார்.

"ஐயா, நான் முப்பது எண்டுதான் சொன்னனான்" என்றார். தேநீர் வரவழைத்தேன், குடிக்காமலே போய்விட்டார். மறுபடி எழுதச் சொல்லி இரு கடிதங்கள் அனுப்பினேன். பதில் வரவில்லை.

பெறாமகனிடம் உணரியைக் கழற்றித் தரச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடியதை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோல் விட்டு உயிர்கொடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்த மெக்கானிக்கிடம் மானியும் இல்லை, பம்பியும் இல்லை. தீப்பொறியின் நேரத்தை வெற்றிடத்தால் முன்னகர்த்தும் சிமிழ் அந்தக் கார்களிலும் உண்டு. அதன் மெல்லிய குழாயை வாயால் உறிஞ்சி, முனையை நாக்கினால் அடைப்பார். நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் சிமிழ் நல்லது, விட்டுவிட்டால் ஓட்டை.

உணரியின் முனையைத் துணியால் துடைத்து, நன்றாக உறிஞ்சி, நாக்கை வைத்தேன். பிடித்துக்கொண்டது! எழுபது கடந்த ஒருவர் கராஜின் நடுவே உலோகப் பேணியொன்றை நாக்கில் தொங்கவிட்டு நின்ற காட்சியைப் பேரப்பிள்ளை படம் எடுத்துவிட்டாள்.

பம்பியை நேராக உணரியிலேயே பொருத்தினான். 15 அங்குலம். ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம், முள் அசையவில்லை.

அந்தக் காலத்து ஜேர்மன் குழாய்களுக்கு மேலே துணிப் பின்னல் உண்டு. வெளியே பார்த்தால் புதுக்கருக்குக் குலையாதது போலிருந்தது. கத்தியால் நீளவாக்கில் கீறியபோது, உள்ளேயிருந்த ரப்பர் பழைய தோசைபோல வெடித்து உதிர்ந்தது. அந்த வெடிப்புகளால் உட்புகுந்த காற்றுத்தான், மேட்டில் ஏறுவதாக உணரிக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

புதுக்குழாய் ஒரு மீற்றர் வாங்கினோம், சில யூரோக்கள்தான். பிளக்குகளைத் துப்புரவு செய்து பூட்டியதும் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. வெள்ளைக் கடதாசி ஒன்றைப் புகைபோக்கியின் வாயில் பிடித்துப் பார்த்தான், கரி படியவில்லை.

தேருக்குப் போகும் வழியில் அந்த நிருபரின் கதையை அவனுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் ஓட்டினான்.

"செய்தியைக் கேட்டு எழுதினது ஆர், பெரியப்பா?"

"நான்தான்" என்றேன்.