தட்டானின் கால்கள்

சிறியனவற்றை உற்று நோக்கும் பழக்கம் நமக்கு வாய்த்தது 1994-ஆம் ஆண்டில். அதுவரை திருமண வீடுகளிலும் பள்ளி விழாக்களிலும் மட்டுமே பயன்பட்டுவந்த நம் பிலிம் கேமராவின் லென்சைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி, ஒரு வளையத்தின் துணையோடு மீண்டும் பொருத்தினால் அது உருப்பெருக்கியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் செய்துகாட்டினார். வாசலில் மிதிபட்டுக் கிடந்த வெட்டுக்காயப் பூண்டை அதன் வழியே நோக்கினோம். ஒரு பூ என்று அதுகாறும் எண்ணியிருந்தது ஒரு பூவன்று, பூக்களின் கூட்டம். நடுவிலிருந்த மஞ்சள் பொட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஐந்து நுனிகள் விரிந்த தனிக் குழற்பூ. சுற்றிலும் இதழ்கள்போல் நின்ற வெளிறிய ஐந்தும்கூட ஒவ்வொன்றும் ஒரு பூவே. சிறு வயது முதல் அதன் இலையைக் கசக்கிக் காயத்தில் பிழிந்திருக்கிறோம். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை என்பது அன்றுதான் விளங்கிற்று.

அன்று முதல் ஓய்வு நாட்களெல்லாம் வாய்க்கால் வரப்பிலேயே கழிந்தன. வண்ணத்துப்பூச்சியின் சிறகில் வீட்டுக் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட செதில்களையும், இலைகளை இழுத்துப் பிடித்துத் தம் புழுக்களின் பட்டு நூலால் ஒட்டிக் கூடமைக்கும் முசுறு எறும்புகளையும் கண்டோம். ஆனால் காண்பது எளிது, படமாக்குவது அரிது. பொருளின் உண்மை அளவிலேயே அதன் உருவம் பிலிமில் விழும்படி நெருங்கினால், லென்சின் திறப்பை நன்கு குறுக்கிய பின்னரும் தெளிவாக அமையும் ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் வால் மங்கும். மூச்சு விட்டாலே படம் நழுவும். ஒரு சுருளில் 36 படங்கள். கழுவி வந்த பின்னரே நம் தோல்வி நமக்குத் தெரியும். சுருளுக்கும் கழுவுவதற்கும் ஆகும் செலவை எண்ணி எண்ணியே ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தினோம்.

இந்த இக்கட்டில்தான் ஒரு குறுக்குவழி நம் செவிக்கு எட்டியது. பூச்சிகளின் உடற்சூடு சூழலைப் பொறுத்தது. குளிர்ந்தால் அவை அசைவற்றுப் போகும். ஆகவே பிடித்த பூச்சியைச் சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் வேண்டிய கோணத்தில் படமெடுக்கலாம் என்றார்கள். செய்தோம். முதலிரண்டு தட்டான்கள் வெயிலில் சூடேறிப் பறந்து போயின. மூன்றாவதை நேரம் மறந்து வைத்துவிட்டோம். அது பறக்கவில்லை. எனினும் படம் மிக அழகாக அமைந்தது. சிறகின் நரம்பு ஒவ்வொன்றும் தெளிவு. கூட்டுக் கண்ணின் வண்ணமும் மாசற்ற தெளிவு.

1996-இல் ஊர்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சி நடந்தது. நம் படங்கள் பத்தினை அங்கே வைத்தார்கள். தட்டான் படத்தின் கீழே ‘ஓய்வு கொள்ளும் தட்டான்’ என்று நம் கையாலேயே எழுதினோம். ஆசிரியர்கள் வியந்தனர், விருந்தினர் பாராட்டினர். மாலையில் வயற்காட்டுப் பக்கத்துச் சிறுவன் ஒருவன், பத்து வயதிருக்கும், அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றான். பிறகு நம்மிடம் வந்து, “சார், தட்டான் குச்சியைப் பிடிக்கவே இல்லையே? காலெல்லாம் சும்மா மடங்கிக் கிடக்கே? செத்துப்போச்சா சார்?” என்றான்.

“இல்லை தம்பி, தூங்குகிறது” என்றோம்.

அவன் மறுபடியும் படத்தைப் பார்த்தான். “சரி சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்குத் தெரிந்திருந்தது. தட்டானை ஓடி ஓடிப் பிடித்து, அதன் வாலில் நூல் கட்டி விளையாடி வளர்ந்தவனுக்கு, உறங்கும் தட்டானும் கால்களால் குச்சியைப் பற்றியிருக்கும் என்பது தெரியாதா? உருப்பெருக்கி வழியே மணிக்கணக்காகப் பார்த்த நாம் சிறகையும் கண்ணையும் பார்த்தோம், கால்களைப் பார்க்கவில்லை. அவன் வெறுங்கண்ணால் பார்த்தான்.

பின்னாளில் இதை நினைக்கும்தோறும், அந்தப் பூச்சியின் சாவைவிட நாம் சொன்ன அந்த ஒரு சொல்லே அதிகம் உறுத்திற்று. இறந்த பூச்சியைப் படமெடுப்பது குற்றமன்று. 2016-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் லெவோன் பிஸ் என்னும் ஆங்கிலேயர் காட்சிக்கு வைத்த பூச்சிப் படங்கள் அந்த அருங்காட்சியகத்தின் சேமிப்பில் இருந்த மாதிரிகளே. ஒவ்வொரு படத்திற்கும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து ஒன்றாக இணைத்தார். அவை உயிருள்ளவை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாமோ சொன்னோம், அதுவும் கேள்வி கேட்டு நின்ற ஒரு குழந்தையிடம்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் ஊரில் வில்சன் பென்ட்லி என்றொரு உழவர் வாழ்ந்தார். 1885-ஆம் ஆண்டு சனவரி 15 அன்று, தம் பத்தொன்பதாம் வயதில், நுண்ணோக்கியைக் கேமராவுடன் இணைத்து ஒரு பனித்துகளைப் படமாக்கினார். 1931-இல் இறக்கும் வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பனித்துகள்களைப் பதிவு செய்தார். சூடு பட்டால் பனி உருகிவிடும். ஆகவே கணப்பில்லாத கொட்டகையில், தம் மூச்சுக்காற்றும் மேலே படாதவாறு அடக்கிக்கொண்டு வேலை செய்தார். பனிக்காக அவர் தம்மைக் குளிரில் நிறுத்திக்கொண்டார். நாமோ நமக்காகத் தட்டானைக் குளிரில் வைத்தோம்.

நேர்வழி ஒன்று இருந்தது. அதற்கு நாம் விடியுமுன் எழ வேண்டியிருந்தது, அவ்வளவே. இரவின் குளிரில் பூச்சிகள் தாமாகவே விறைத்து, பனித்துளி போர்த்திய புல்லில் அமர்ந்திருக்கும். கதிரவன் மேலேறும் வரை நமக்கு அவகாசம் உண்டு. அவ்வாறு எடுத்த முதல் தட்டான் படம் பாதி மங்கலானது. நாம் பொத்தானை அழுத்துவதற்குள் அது சிறகை நடுக்கிச் சூடேற்றத் தொடங்கிவிட்டது. அடுத்த கணம் புல் மட்டுமே ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அப்படத்தில் கால்கள் புல்லைப் பற்றியிருக்கின்றன.

இன்று கைப்பேசியிலேயே நெருங்கிப் படமெடுக்கலாம். சுருளுமில்லை, கழுவும் செலவுமில்லை. ஆயினும் அசையும் உயிருக்காகக் காத்திருக்கும் வேலையை எந்தக் கருவியும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. அவ்விரு படங்களும் நம் மேசை அறையில் ஒன்றாகவே இருக்கின்றன. அழகிய படத்தின் கீழிருந்த வரியை அடித்துவிட்டு, ‘நம் கையால் இறந்தது’ என்று எழுதி வைத்தோம். அந்தச் சிறுவனைப் பின்னர் நாம் சந்திக்கவில்லை. அவனுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடையை இத்தனை ஆண்டுகள் கழித்து இங்கே எழுதுகிறோம்: ஆம் தம்பி, அது செத்துத்தான் போயிற்று. நீ பார்த்தது சரி.