பண்ணைக் கோழியும் ஒரு பரிணாமக் கேள்வியும்

1/
பொங்கலுக்கு வல்லத்திராக்கோட்டை போயிருந்தேன். ப்ளஸ் டூ படிக்கும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, ஒருத்தன் வேணும்னே உண்டாக்கின வேதனை, கோடி வருஷம் கழிச்சும் அந்த இனத்துல இருக்குமா?"

2/
பையன் போனில் படித்தது "ஆல் டுமாரோஸ்". துருக்கி ஓவியர் கோசெமென் 2006-ல் இணையத்தில் வெளியிட்ட கற்பனை நூல். "க்யூ" என்ற வேற்றுக்கிரக இனம், தன்னை எதிர்த்த மனிதர்களைக் கழிவு தின்னும் சதைப்படலமாக மாற்றும். கண்ணையும் அறிவையும் மட்டும் விட்டுவைக்கும். அதுதான் தண்டனை. க்யூ போன பிறகு, அவர்களின் சந்ததி பரிணமித்து நிம்மதியாக வாழும்.

3/
"பரிணாமம் சரி பண்ணிடும்டா" என்றேன்.
"அப்ப நம்ம கோழி?" என்றான்.
மச்சான் பிராய்லர் பண்ணை வைத்திருக்கிறார். நிற்க முடியாத கோழிகளைக் காலையில் பொறுக்கி எடுப்பது இவன் வேலை.

4/
ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது கட்டுக்கதை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வு (2014): ஒரே தீவனம், அதே 56 நாள். 1957-ம் வருட ரகம் 905 கிராம். 2005-ம் வருட ரகம் 4,202 கிராம். வித்தியாசம் மரபணுவில். சதை வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்க முடிவதில்லை.

5/
தாய்க்கோழிகள் நிலை இன்னும் மோசம். வயிறார விட்டால் கொழுத்துச் சீக்கிரம் செத்துவிடும். அதனால் அளந்துதான் தீவனம். வாழ்நாளில் பெரும்பகுதி பசி.

6/
நான் சொன்ன பதில் தப்பு. பரிணாமம் டாக்டர் இல்லீங்க. அது வலியைப் பார்க்காது, வாரிசைத்தான் எண்ணும். பிள்ளை பெற விடாத வேதனை மெல்ல மறையும். பெற விடும் வேதனை தங்கிவிடும். நிமிர்ந்து நடக்க ஆரம்பித்து லட்சக்கணக்கான வருடங்கள் ஆகியும், என் ஓபியில் முதுகுவலிக்கு வரிசை குறையவில்லையே!

7/
கதையில் க்யூ கிளம்பிப் போனது. கோழி விஷயத்தில் நாம் போகவில்லை. எந்தக் கோழி அடுத்த தலைமுறைக்குத் தாய் என்பதை ஒவ்வொரு முறையும் நாமே முடிவு செய்கிறோம். எடையை மட்டும் பார்த்தால் வலியும் கூடவே வரும். கால் வலுவையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தபோது நொண்டுவது குறைந்தது. மெதுவாக வளரும் ரகங்களும் இருக்கின்றன. வளர நாள் அதிகம், விலையும் அதிகம்.

8/
சிக்கன் சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை. நல்ல புரதம். நானும் அன்று சாப்பிட்டேன். பையன் மட்டும் ரசத்தோடு எழுந்துவிட்டான்.

ஊருக்குக் கிளம்பும்போது சொன்னேன்: "தானா போகாதுடா. செஞ்சவன் மாத்தினாத்தான் போகும்."
"அப்ப நாம மாத்தலாம்ல மாமா?"
இதற்கு என்னிடம் சட்டென்று பதில் வரவில்லை.