கரையும் திருகாணியும் தோட்டத்துக் கைகளும்

பெஸ்தாரி ஜெயாவைப் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்வார்கள். அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டில் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடி தொடங்கியது. பெயரில் இருப்பது தென்னை, நட்டதோ செம்பனை! நூறாண்டுகள் கடந்தும் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் குலையறுப்பு பெரும்பாலும் கைவேலையாகவே இருக்கிறது. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே மட்டையை வெட்டிக் குலையை வீழ்த்த வேண்டும். இருபது கிலோவைத் தாண்டும் குலைகளும் உண்டு. அது கைமேல் விழுந்தாலும், மழை ஈரத்தில் வழுக்கிக் கையூன்றி விழுந்தாலும் முன்கை எலும்பு முறியலாம். தோட்டத்தை விட்டுப் பட்டணம் போன பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

முன்கையில் இரண்டு எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி எலும்பு. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது ஆரை எலும்பு அரந்தியின் குறுக்கே புரண்டு வருகிறது. கம்பைப் பிடித்துத் திருப்புவதும், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு போவதும் இந்தப் புரளலால்தான். எலும்பு கோணலாகக் கூடிவிட்டால் இந்த அசைவு குறைந்துவிடும். வளரும் சிறுவர்களின் எலும்பு சிறு கோணலைத் தானே திருத்திக்கொள்ளும். பெரியவர்களின் எலும்புக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. ஆகவே, விலகி முறிந்த முன்கையைத் திறந்து, எலும்புகளை நேராக்கி, உலோகத் தகட்டைத் திருகாணிகளால் பொருத்துவதே வழக்கமான சிகிச்சை.

எலும்பு கூடிய பின்பும் தகடு உள்ளேயே இருக்கும். பலருக்கு அதனால் தொல்லையில்லை. சிலருக்குத் தோலுக்கடியில் உறுத்தும். எடுக்கலாம் என்றால் மீண்டும் கத்தி, மீண்டும் ஓய்வு. திருகாணி இருந்த துளைகள் தூரும் வரை எலும்பு பலவீனமாக இருப்பதால் அது மறுபடியும் முறிவதுண்டு. நரம்பில் காயம் படவும் கூடும். வேலையில் ஏற்பட்ட காயமென்றால் சொக்சோ தற்காலிக இயலாமைக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தருகிறது. எனினும், குலைக் கணக்கில் கூலி வாங்கும் குடும்பத்துக்கு இரண்டாம் முறை படுப்பது எளிதன்று.

தானே கரைந்துபோகும் திருகாணி என்ற எண்ணம் இங்கேதான் மனத்தைக் கவர்கிறது. 1907ஆம் ஆண்டிலேயே பெல்ஜிய மருத்துவர் லம்போட் மக்னீசியத் தகட்டைக் கால் முறிவொன்றில் பொருத்திப் பார்த்தார். எட்டே நாளில் அது சிதைந்து, தோலுக்கடியில் வாயு சேர்ந்தது. பின்னர், 1984ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் ரொக்கனென் குழுவினர் கணுக்கால் முறிவுகளில் கரையும் பல்லுறுப்பிக் கம்பிகளைப் பயன்படுத்தினர். இன்று பரவலாகப் பயன்படும் பாலிலாக்டிக் அமிலம் உடலுக்குள் லாக்டிக் அமிலமாக உடைகிறது. கடினமாக உழைக்கும் தசையில் ஊறுவதும் அதே அமிலந்தான். உடல் அதை நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

ஆனால், கரைவதற்கும் காலக்கணக்கு உண்டு. பெரியவர்களின் முன்கை எலும்பு கூடச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் பொருள் வலுவிழந்தால் முறிவு விலகிவிடும். மெதுவாகக் கரையும் வகையோ முற்றிலும் மறையப் பல ஆண்டுகள் எடுக்கும். சிலருக்கு அந்த இடத்தில் வீக்கமும் நீர்க்கசிவும் வந்ததுண்டு. அதோடு, இப்பொருள்கள் எஃகையும் டைட்டானியத்தையும் போல முறுக்கைத் தாங்குவதில்லை. முன்கையோ முறுக்குக்கென்றே அமைந்த உறுப்பு.

எனவே, பின்லாந்தின் ஊலு நகரில் சிறுவர்களின் முன்கைக்குக் கரையும் கம்பிகளைப் பொருத்தி ஆராய்ந்திருக்கும்போது, பெரியவர்களின் முன்கை நடுப்பகுதி முறிவுக்கு இன்னும் உலோகத் தகடுதான் நம்பிக்கையானது. முழங்கை மூட்டை ஒட்டி ஆரை எலும்பின் தலையில் பெயரும் சிறு துண்டுகளைப் பிடித்து வைக்க மட்டும் கரையும் ஊசிகள் பெரியவர்களுக்கும் பயன்பட்டுள்ளன. அங்கே தாங்க வேண்டிய சுமை குறைவு. உலோகத் தலை துருத்திக்கொண்டு மூட்டை உரசும் தொல்லையும் இல்லை. கை முறிந்து மருத்துவமனைக்குப் போகும் தொழிலாளி, எலும்பு எந்த இடத்தில் முறிந்திருக்கிறது, மறுபடி கம்பு பிடிக்க எத்தனை மாதம் ஆகும், தகட்டை எடுக்கத்தான் வேண்டுமா என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.