கையில ஜோடி... உஷார் பாஸ்!

லாஸ் வேகாஸ்னா எல்லாருக்கும் பளபள 'ஸ்டிரிப்'தான் ஞாபகம் வரும். ஆனா, போக்கர் பிரியர்களுக்கு ஃப்ரீமான்ட் தெரு! 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' போட்டி 1970-ல் ஆரம்பித்தது இங்கே, 'பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ' கேசினோவில்தான். (இப்போ போட்டி ஸ்டிரிப்புக்கு மாறிடுச்சு!)

ஆளுக்கு ரெண்டு மூடிய சீட்டு. உங்களுக்கு வந்தது ரெண்டு 3. 'அட, ஜோடி!'ன்னு மனசு துள்ளும். இங்கேதான் ஆபத்தே! டீலர் விரிக்கும் முதல் மூணு சீட்டில் இன்னொரு 3 விழ, சுமார் எட்டரைக்கு ஒரு வாய்ப்புதான். அதனால, நீங்க கட்டும் தொகையைப்போல 15, 20 மடங்கு சிப்ஸ் உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா மட்டும் உள்ளே வாங்க. மூணாவது 3 விழலையா? பெரும்பாலும் சத்தமில்லாம கழண்டுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

விதிவிலக்கு? அதுவும் ஹார்ஸ்ஷூவில்தான். 2003-ல் டென்னஸி மாநில அக்கவுன்டன்ட் கிறிஸ் மணிமேக்கர் கையில் ரெண்டு 3. மூணாவது விழவில்லை. எதிராளி மொத்த சிப்ஸையும் தள்ளினார். 'சும்மா மிரட்டுறார்'னு கணித்த மணிமேக்கர் அசரலை. எதிரே வெறும் ராஜா, ராணி! கடைசியில் 25 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார்.

அந்த வருஷம் ஆடியவர்கள் 839 பேர். அடுத்த வருஷம் 2,576! எல்லாருக்கும் மணிமேக்கர் கனவு. ஜெயிச்சது ஒருத்தர். மத்த 2,575 பேரின் கதையை யாரும் சொல்றதில்லை பாஸ்!