பாடசாலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே கார்

 

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள். இரண்டு மாதமாக எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய சிவப்பு நிசான் மார்ச்சைப் பற்றி ஊரில் பல கதை. "புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் சம்பளம், ரெண்டாவது காரும் வாங்கிட்டாங்க" என்று ஒரு பக்கம். "மகனை ரேஸுக்கு விடுறாங்களாம்" என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மற்றவர்கள் சொல்வதைவிட நாங்களே சொல்லிவிடுவது நல்லது.

இது ஒரு ஜனாஸாவில் தொடங்கியது. எங்களிடம் படித்த பிள்ளை. இரவு பத்து மணிக்குப் பிறகு ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி. குறுக்கே கட்டாக்காலி மாடு. அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. நாற்பது நாள் கழித்து எங்கள் மகன் சாப்பாட்டு மேசையில் சொன்னான்: "வாப்பா, அண்டைக்கு நானும் அங்க நிண்டன். அடுத்த ஓட்டம் என்ட." உம்மா கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். அன்றிரவு நாங்கள் இருவரும் நித்திரை கொள்ளவில்லை.

திறப்பை வாங்கி வைத்தோம். ஒரு கிழமை அமைதி. பிறகுதான் யோசித்தோம், திறப்பு எங்களிடம் இருந்தால் கூட்டாளிமாரிடம் சைக்கிள் இல்லையா? இருபது வருசமாகப் பிள்ளைகளோடு வேலை செய்கிற எங்களுக்கே இது தெரியாமல் போனால் எப்படி? அவனைக் கூப்பிட்டு, உனக்கு என்னதான் வேணும் என்று கேட்டோம். ஒளிக்காமல் சொன்னான். ஒரு நல்ல கார், மெனுவல் கியர். ரோட்டில் இல்லை, மூடிய தடத்தில் ஓட்டிப் பழக வேண்டும். வெளிநாடுகளில் 'ட்ரக் டே' என்று வைப்பார்களாம். காசு கட்டினால் யாரும் தன் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டலாம். பரிசு கிடையாது, முதலாமிடம் கிடையாது. மாலையில் அதே காரில் வீட்டுக்கு வந்து, காலையில் அதே காரில் வேலைக்குப் போவார்கள்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கு இது விளங்கவே இல்லை. எங்களில் ஒருவருடைய வாப்பா தண்ணீரூற்றில் ஒரு மொறிஸ் மைனர் வைத்திருந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அது வளவிலேயே நின்றுவிட்டது. பிறகு வன்னியில் இருந்த தமிழ் நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம், பெற்றோல் தடை இருந்த காலத்தில் காபரேற்றருக்குள் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பற்றி. வாகனம் என்றால் நோயாளியை ஏற்ற, சாமான் ஏற்ற, ஓடித் தப்ப. சும்மா சுற்றிச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவதற்கு ஒரு காரா?

ஆனால் தேடிப் பார்த்தபோது இது ஒன்றும் புதினமான விசயம் இல்லை. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1930களிலேயே தொடங்கியது. களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தவில் உள்ள ஓட்டத் தடம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரமும் அப்படித்தான், போர்க்கால ஓடுபாதையில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்து, 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. எங்களுக்குக் கிட்ட என்றால் அநுராதபுரம் சாலியபுரவில் இராணுவத்தின் கஜபா ரெஜிமென்ட் நடத்தும் 'கஜபா சுப்பர் குறொஸ்'. வவுனியாவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். (வன்னியிலும் ஓடுபாதைகளுக்குக் குறைவில்லை. இரணைமடுவில் ஒன்று கிடக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது? கேட்கத்தான் துணிவு வருமா?)

இங்கே ஒரு விசயத்தை மறைக்க முடியாது. 2024 ஏப்ரல் 21, தியத்தலாவ பொக்ஸ்ஹில். பந்தயக் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் எட்டு வயதுப் பெண்பிள்ளையும் ஒன்று. மகன் பேச்சைத் தொடங்கியதும் உம்மா கேட்ட முதல் கேள்வி, "தியத்தலாவ தெரியாதா உனக்கு?" அவனிடம் பதில் இல்லை. எங்களிடமும் இன்றுவரை முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்றைப் பேசி முடிவு செய்தோம். போட்டி வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு. போட்டிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், காருக்குள் இரும்புக் கூடு அடிக்க வேண்டும், அப்படி அடித்த காரில் பிள்ளைகளை ஏற்றிப் பாடசாலைக்குப் போக முடியாது. பழகுவது மட்டும். அதற்கேற்ற கார்.

கார் எப்படியும் தேவைதான். எங்களில் ஒருவருக்கு நெடுங்கேணிப் பக்கம் பாடசாலை, மற்றவருக்குச் செட்டிகுளம் பக்கம். பழைய சுசுகி அல்டோ ஒன்று நெடுங்கேணிக்குப் போகும். மற்றவர் பஸ்ஸை நம்பி நிற்பார், பஸ் அவரை நம்பி நிற்காது.

"அல்டோவையே பழகுறதுக்கு எடுத்தா என்ன?" என்று மகன் கேட்டான். கிளிநொச்சியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணையிடம் கேட்டோம். சிரித்தார். "சேர், அது எண்ணூறு சீசீ. பாரம் இல்லை, கியரும் மெனுவல், பழகுறதுக்கு மோசமில்லை. ஆனா பன்னிரண்டு அங்குல ரயர், சின்ன பிரேக். நாலு தரம் இறுக்கிப் பிடிச்சா மணக்கும். ரீச்சர் நாளைக்கு அதிலதானே பள்ளிக்கூடம் போகோணும்?"

அதன்பிறகு மூன்று மாதம் தேடினோம். விலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருசத்தில் பழைய இரும்பெல்லாம் பொன்னாகிவிட்டது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதுக் காரின் விலை எங்கள் சம்பளத் துண்டைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆகவே எங்களைவிடக் கொஞ்சம் இளமையான ஒரு பழைய கார்தான்.

மகன் கேட்டது ஹொண்டா சிவிக், 95க்குப் பிறகு வந்த ஈகே வகை. வளைவில் அது ரோட்டைப் பிடிக்கிற பிடி நல்லதாம். நாங்கள் பார்த்த மூன்றிலும் முன்பு வைத்திருந்தவர்கள் ஸ்பிரிங்கை வெட்டிப் பதித்திருந்தார்கள். எங்கள் உள்வீதிக் கிரவலில் அது வயிற்றால் ஊர்ந்துதான் வரும். ரொயோட்டா ஸ்டார்லட், அதுவும் நல்ல கார், ஆனால் பெயருக்கே அஞ்சு இலட்சம் கூடச் சொல்கிறார்கள். விற்ஸ் பார்த்தோம், அகப்பட்டதெல்லாம் ஓட்டோ கியர். வகன் ஆர் குடும்பத்துக்கு அருமை, எண்ணெய் குடிக்காது. ஆனால் உயரம் கூடிய கார், வேகமாகத் திருப்பினால் சாயும். ஹைபிரிட் பற்றரி கேள்வி வேறு. ஓட்டோ கியரையும் ஹைபிரிட்டையும் நாள் முழுக்கச் சூடாக்கி ஓடப் பழைய காரில் துணியக்கூடாது என்று அண்ணை அடித்துச் சொன்னார்.

கடைசியில் அகப்பட்டது இந்த மார்ச், கே11 வகை, ஆயிரம் சீசீ, மெனுவல். கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பாரம் குறைவு, எஞ்சினுக்குள் பெல்ட் இல்லாமல் செயின், கிரவலுக்குப் போதிய உயரம், சாமான் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு அண்ணை எங்களுக்குக் காட்டித் தந்ததைச் சொல்கிறோம். எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வரும்முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ இருக்கிறது. ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள், பால் தேத்தண்ணி நிறத்தில் பசை இருந்தால் தண்ணி ஒயிலோடு கலக்கிறது, ஸலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சின்னக் காந்தம் ஒன்றைக் கதவு ஓரங்களில் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடம் இரும்பில்லை, பட்டி பூசின இடம். ஏசியைப் போட்டு வவுனியாவிலிருந்து ஓமந்தை வரை ஓடித் திரும்புங்கள், சூட்டு முள் அசையக் கூடாது. செசி இலக்கத்தைப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள், தரகர் வாசிக்க நீங்கள் தலையாட்ட வேண்டாம்.

இன்னொன்று. ஓபன் பேப்பரில் வாங்காதீர்கள். எங்களுக்கும் ஒரு கார் அப்படி வந்தது. கையொப்பம் போட்ட வெற்றுப் படிவம், புத்தகத்தில் பெயர் வேறு யாருடையதோ, இடையில் நான்கு கை மாறியிருக்கிறது. விலை இரண்டு இலட்சம் குறைவு. நாளைக்கு அந்தக் காரில் ஒரு விபத்து நடந்தால் யாரைத் தேடுவது? மகன் முகம் வாடியது, விட்டுவிட்டு வந்தோம்.

காசு வந்த வழியையும் கேட்கிறீர்கள். லீசிங் எடுக்கவில்லை. வட்டி எங்களுக்கு ஆகாது என்பது ஒன்று. 2009க்குப் பிறகு வன்னியில் லீசிங் என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தது இன்னொன்று. கட்டி முடியும் நேரத்தில் உழவு இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போனதை எத்தனை வீட்டில் கண்டோம்! ஒரு சீட்டு, உம்மாவின் ஒரு சோடிக் காப்பு, பிறகு மகனின் மோட்டார் சைக்கிளை விற்ற காசு. சைக்கிளை விற்பது எங்கள் நிபந்தனை. அவன் ஒரு கிழமை பேசவில்லை, பிறகு தானே ஆள் பிடித்து விற்றான்.

வாங்கின பிறகும் செலவு. மகன் நினைத்தது சைலன்ஸர், பெரிய றிம். நாங்கள் விட்டதோ பிரேக்கும் ரயரும். எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர், வீட்டில் கரும்பலகையே வைத்துவிட்டார். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. மணிக்கு எழுபதில் போகிற கார் ஒரு செக்கனில் பத்தொன்பது மீற்றர் போகும். மாட்டைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்தப் பத்தொன்பது மீற்றர் முடிந்துவிடும். பழைய பிரேக் ஒயிலில் காற்றின் ஈரம் சேர்ந்திருக்கும், சூடானால் கொதிக்கும், மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதை வடித்துப் புது டொட் 4 விட்டோம். முன் பிரேக் பாட் மாற்றினோம். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 3514 என்றால் 2014 ஆம் ஆண்டின் 35 ஆவது கிழமை செய்தது. எங்கள் காரோடு வந்த ரயர்கள் மகனின் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் காலத்தவை. பூ நன்றாக இருந்தது, இறப்பர் கல்லாகியிருந்தது. நான்கையும் மாற்றினோம். தலைக்கவசம் ஒன்றும் வாங்கினோம். காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கத்தையும் வாசித்தோம், பந்தயத்தில் நடக்கும் சேதத்துக்குப் பணம் தரமாட்டார்கள் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. நீங்களும் வாசித்துப் பாருங்கள்.

சரி, தடம்? கட்டுக்குருந்த தூரம், சாலியபுரவில் போட்டிக்காரருக்குத்தான் இடம். அப்போதுதான் ஒரு நண்பர், அரிசி ஆலைக்காரர், வாய் திறந்தார். "சேர், நெல் காயவிடுற சீமெந்துத் தளம் இப்ப சும்மாதான் கிடக்குது."

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் போனோம். வெறும் பெயின்ற் வாளிகள் பன்னிரண்டை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டோம். இரண்டாம் கியருக்கு மேல் போக இடமில்லை. மெக்கானிக் அண்ணை பக்கத்தில் இருந்தார். முதல் மணித்தியாலம் முழுக்க ஒரே வேலை, நாற்பதில் வந்து கோட்டில் நிறுத்து. இந்தக் காரில் ஏபிஎஸ் கிடையாது, சில்லு இறுகிவிட்டால் சுக்கான் திரும்பாது, நேரே போகும். மகன் ஐந்து வாளியை மிதித்தான். எல்லாம் தெரியும் என்று வந்த பிள்ளை. ஆறாவது வாளிக்கு முன்னால் காலைக் கொஞ்சம் தளர்த்தித் திருப்பியபோது கார் தானாக விலகியது. இறங்கி வந்து வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வாப்பா, அவனுக்கு இது தெரிஞ்சிருந்தா..." என்றான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு உம்மாவும் ஏறினார். மூன்று வாளி.

திங்கட்கிழமை அதே கார் செட்டிகுளம் போனது. பின்சீட்டில் பரீட்சைத் தாள்கள், பூட்டுக்குள் வாளிகள்.

ஏழு சனிக்கிழமை முடிந்திருக்கிறது. இப்போது மகனின் கூட்டாளிமார் நான்கு பேர் வருகிறார்கள். அதில் இருவர் அந்த இரவும் அங்கே நின்றவர்கள். இரவு ரோட்டுக்கு இனிப் போகமாட்டார்கள் என்று நாங்கள் உத்தரவாதம் தரமாட்டோம், எங்கள் மகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பத்து மணிக்குப் பிறகு கேற் சத்தம் கேட்டால் இன்னும் எழும்பிப் பார்க்கிறோம்.

வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள். லைசன்ஸ் இருக்க வேண்டும், பெற்றோர் ஒருவர் கூட வரவேண்டும், தலைக்கவசமும் சப்பாத்தும் கட்டாயம், வேடிக்கை பார்ப்பவர்கள் மதிலுக்கு வெளியே. பெண்பிள்ளைகளும் வரலாம், உம்மா இருப்பார். ஆவணியில் சிறுபோக நெல் வந்துவிடும், அதுவரைதான் தளம். வாளி இன்னும் ஆறேழு தேவைப்படுகிறது, வீடு பெயின்ற் பண்ணினவர்கள் யாரிடமாவது இருந்தால் எடுத்து வையுங்கள்.