அடைப்பு எங்கே இருக்கிறது?



விடுமுறைக் காலம் நெருங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கொண்டுவருகிறார்கள். "ஐயா, பையன் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வேணுமாம், முப்பதாயிரம் கேக்கான். வாங்கிக் குடுக்கலாமா?" ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால், பொருள் இன்னதென்று அறியாமல் கூறும் விடை பிள்ளையின் உள்ளத்தில் தங்குவதில்லை. ஆகவே, நான் கேட்டு அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நம் வீடுகளில் உள்ள சாதாரண கணினித் திரையில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 புள்ளிகள் உள்ளன. மொத்தம் இருபது லட்சத்துக்கும் மேல். விளையாட்டில் காட்சி தடையின்றி நகர, நொடிக்கு 60 படங்கள் வரையப்பட வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு நொடியும் பன்னிரண்டு கோடிக்கும் அதிகமான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். கணினியின் பிராசசர் கடினமான வேலைகளை விரைந்து முடிக்கும். ஆயினும் ஒரே நேரத்தில் சிலவற்றையே செய்யும். கிராபிக்ஸ் கார்டோ, எளிய கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செய்து முடிக்கும். 1999இல் என்விடியா நிறுவனம் ஜிஃபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டபோது, அந்தச் சில்லுக்கு ஜிபியு என்று பெயரிட்டது. விளையாட்டுக்காக வளர்ந்த அதே வகைச் சில்லுகளே இன்று செயற்கை நுண்ணறிவுக்கும் பயன்படுகின்றன. எனவே, இதை வெறும் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிட இயலாது.

நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் இந்தக் கார்டு பெரும் மனத்தாங்கலை உண்டாக்கியிருந்தது. தகப்பனார் பாளையங்கால்வாயின் கடைமடையில் நெல் பயிரிடுகிறவர். மகன் கல்லூரி இறுதியாண்டு மாணவன். மாலையில் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து இரண்டு ஆண்டுகளில் 30,000 ரூபாய் சேர்த்திருந்தான். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வாங்குவது அவன் விருப்பம். "கூடவே கூடாது" என்றார் தகப்பனார். மூன்று வாரங்களாக இருவருக்கும் பேச்சில்லை. தாயார் அழைத்ததால் நான் சென்றேன்.

நீதி வழங்க நான் முற்படவில்லை. "தம்பி, இந்தக் கார்டு வந்தால் என்ன மாறும் என்று எங்களுக்குக் காட்டு" என்றேன். அவன் விளையாட்டை ஓடவிட்டான். நொடிக்கு 38 படங்கள் வந்தன. பின்பு திரையின் நுணுக்கத்தை 1280க்கு 720 என்று குறைத்தான். எண்ணிக்கை 60ஐத் தாண்டியது. இது காசு செலவில்லாத சோதனை. நுணுக்கத்தைக் குறைத்ததும் வேகம் கூடினால், திணறுவது கிராபிக்ஸ் கார்டு. குறைத்தும் கூடாவிட்டால், பெரும்பாலும் திணறுவது பிராசசர். அப்போது எத்தனை விலையுயர்ந்த கார்டைப் பொருத்தினாலும் பயன் சொற்பமே.

இதுவரை மகன் பக்கமே நியாயம் இருந்தது. அடுத்து அவன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே இருந்தது ஏழு ஆண்டுகள் பழைய, பெயரில்லாத பவர் சப்ளை. ஆர்டிஎக்ஸ் 4060 எடுத்துக்கொள்வது 115 வாட். அதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. மலிவான பவர் சப்ளை பாரம் தாங்காமல் பழுதானால், தன்னோடு மற்ற பாகங்களையும் கெடுத்துவிடக்கூடும்.

அதுவரை வாசற்படியில் அமர்ந்திருந்த தகப்பனார் வாய்திறந்தார். "தலைமடைய அகலமா வெட்டிட்டா மட்டும் கடைமடைக்குத் தண்ணி வந்துருமால? நடுவுல அமலை அடைச்சுல்லா கெடக்கு."

"அதத்தான்ப்பா நானும் சொல்லுதேன்" என்றான் மகன்.

பழவூர் அணைக்கட்டில் எவ்வளவு நீர் திறந்தாலும், மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பகுதிகளில் குப்பையும் அமலைச் செடியும் கால்வாயை அடைத்துக்கொண்டால் கடைசி வயல் காய்ந்தே கிடக்கும். அந்த வேதனையை ஆண்டுதோறும் அறிந்தவருக்குக் கணினி அந்நியமாக இருக்கவில்லை. எழுந்து வந்து, எந்த வயர் எங்கே போகிறது என்று மகனிடம் கேட்கத் தொடங்கினார். பேச்சு வளர்ந்தபோதுதான், அவர் இதுவரை சொல்லாத ஒன்று வெளிப்பட்டது. ஜூன் மாதத்தில் தங்கையின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். கையில் பணம் குறைகிறது. மகனிடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. "கூடாது" என்ற கடுஞ்சொல்லுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கூச்சமே.

பவர் சப்ளையை மட்டும் இப்போது மாற்றுவது, கார்டைப் பிறகு பார்ப்பது என்று மகனே முடிவு செய்தான். மீதிப் பணத்தை அவன் தகப்பனாரிடம் கொடுத்தபோது, பிசான அறுவடையில் திருப்பித் தருவதாக அவர் சொன்னார். நான் அதில் தலையிடவில்லை.

இளைஞர்களே, வாங்குமுன் அளந்து பாருங்கள். உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ் உடையதானால், நொடிக்கு 120 படங்களை வரையும் கார்டு வாங்கினாலும் 60க்கு மேல் உங்கள் கண் காணப்போவதில்லை. பழைய கார்டு வாங்குகிறீர்களானால் கூடுதல் கவனம் தேவை. 2022 செப்டம்பரில் எத்தேரியம் நாணயம் தன் முறையை மாற்றும்வரை, பல கார்டுகள் அந்த நாணயத்தைத் தோண்டுவதற்காக இரவுபகலாக ஓடியவை. அரைமணி நேரம் முழுப் பாரத்தில் ஓட்டிப் பார்த்து, விசிறியின் ஒலியைக் கவனித்து, ரசீதையும் கேட்டுப் பெற்ற பின்பே பணம் கொடுங்கள்.

பெற்றோரே, மறுக்குமுன் அருகில் அமர்ந்து பாருங்கள். மறுக்கத்தான் வேண்டுமானால் உண்மையான காரணத்தைச் சொல்லி மறுங்கள். வீட்டின் பணநெருக்கடியைப் பிள்ளைகளுக்கு மறைப்பது அன்பு என்று எண்ணுகிறோம். ஆனால் காரணம் தெரியாத பிள்ளை, தன்னை வெறுப்பதாகவே அந்த மறுப்பை எடுத்துக்கொள்கிறான்.

இந்த வாரம் உங்கள் வீட்டில் எந்தப் பேச்சு நின்றுபோயிருக்கிறது? அங்கே அடைத்துக்கொண்டிருப்பது எது என்று, குரலை உயர்த்தாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.