கணக்குக் கேட்டவர்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நான் ஜொகூரில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் ஐம்பது பேர்கூட இல்லை. சிறிய பள்ளி என்பதால் சங்கத்தின் வரவு செலவையும் நானே பார்த்து வருகிறேன். அன்று கூட்டம் முடியும் நேரம். தேநீரும் வடையும் தயாராக இருந்தன. அப்போது பின்வரிசையில் ஒரு தாய் எழுந்து நின்றார். செம்பனை நர்சரியில் வேலை செய்பவர். எப்போதும் வாய் திறக்காதவர்.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்க சுற்றுலாவுக்கு ஆளுக்கு இருபத்தஞ்சு வெள்ளி குடுத்தோம். மிச்சம் எவ்வளவு, எங்க இருக்குன்னு யாரும் சொல்லலையே?”

என் முகம் சுட்டது. இத்தனை ஆண்டுகள் இந்தப் பிள்ளைகளுக்காக உழைத்தவளைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா? “ஏம்மா, என் மேலே நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். யாரும் மேற்கொண்டு பேசவில்லை. வடையைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

பள்ளி வாசலில் அந்தத் தாய் எனக்காகக் காத்திருந்தார். “தெரியாம கேட்டுட்டேன் டீச்சர். என் பையன்கிட்ட எதையும் காட்டிடாதீங்க” என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கேட்ட கேள்வி அல்ல, கடைசியாகச் சொன்ன அந்த வார்த்தைதான் நெஞ்சைக் குடைந்தது. ஏனென்றால் அதே பயத்தை நான் சிறுமியாக இருந்தபோது என் அம்மாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியும். கடையில் கடன் எழுதுவதற்கு நம்மவர் வைத்திருக்கும் சின்ன 555 புத்தகம் உங்களுக்குத் தெரியுமல்லவா? அதில் ஒன்றை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். ஸ்டோரில் நிறுத்த பால் எத்தனை கிலோ, ஒட்டுப்பால் எத்தனை என்று அன்றன்றைக்கே எழுதிவிடுவார். 1987ஆம் ஆண்டு, நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். ஒரு மாதம் சம்பளம் குறைந்து வந்தது. அப்பா புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். கிராணி செக்ரோலைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு நாள் கணக்கு விட்டுப்போயிருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் அடுத்த மாதமே அப்பாவை மேட்டுப் பக்கம் கிழட்டு மரங்கள் நின்ற நிரைக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கிடைக்கும் பால் பாதியானது. “உங்களை யார் கேக்கச் சொன்னது? பிள்ளைங்களையும் சேத்துப் பழி வாங்கப் போறாங்க” என்று அம்மா அழுதார்.

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னது இன்றும் என் காதில் கேட்கிறது. “சிங்கப்பூர்ல அந்தக் கிருதா வக்கீல் எவ்வளவு படிச்சவரு! கேள்வி கேட்டுக் கேட்டுக் கடைசியில ஜெயிலுக்கே போயிட்டாரு. எனக்கு மேட்டு நிரைதானே!”

ஜொகூரில் சிங்கப்பூர் வானொலி நன்றாகக் கேட்கும். அதில் வரும் செய்தியைக் கேட்டே அப்பா அந்த மனிதரை அறிந்திருந்தார். கன்னத்தில் அடர்ந்த கிருதா வைத்திருந்த அந்த வழக்கறிஞர் ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம். பின்னாளில் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்பா சொன்னதைவிட அவர் கதை பெரியது. கொஞ்சம் சிக்கலானதும்கூட.

ஜெயரத்தினம் 1926இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வளர்ந்தது நம் ஜொகூரில். ஆங்கிலிக்கன் கிறிஸ்துவர். லண்டனில் சட்டம் படித்துவிட்டுச் சிங்கப்பூர் சட்டத்துறையில் சேர்ந்தார். மாவட்ட நீதிபதியாகவும் உச்ச நீதிமன்றப் பதிவாளராகவும் இருந்தார். அப்படியே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்து ஓய்வு பெற்றிருக்கலாம். 1963இல் அரசு வேலையை விட்டார். 1971இல் பாட்டாளிக் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். அந்தக் கட்சியின் சின்னம் சுத்தியல்.

அப்போது சிங்கப்பூரில் எதிர்க்கட்சி என்று பெயருக்குத்தான் இருந்தது. 1968 பொதுத் தேர்தலிலிருந்து நாடாளுமன்றத்தின் எல்லா இடங்களும் மக்கள் செயல் கட்சிக்கே போயின. அந்த அரசாங்கம் வேலையும் வீடும் கொடுத்தது, நாட்டை உயர்த்தியது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்க நாடாளுமன்றத்தில் எதிரணி இல்லை. ஜெயரத்தினம் தேர்தலில் நின்றார், தோற்றார். மறுபடியும் நின்றார், மறுபடியும் தோற்றார். பத்து ஆண்டுகள் இப்படியே போயின.

1981 அக்டோபரில் ஆன்சன் தொகுதி உறுப்பினர் தேவன் நாயர் நாட்டின் அதிபரானார். அவரும் நமக்கு அந்நியர் அல்லர். மலாக்காவில் ரப்பர் தோட்டக் கிராணி ஒருவரின் மகன், தொழிற்சங்கத் தலைவர். காலியான ஆன்சனில் இடைத்தேர்தல் வந்தது. அது துறைமுகத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி. அங்கே துறைமுக ஊழியர்கள் குடியிருந்த அடுக்கு வீடுகளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். துறைமுகத்தை விரிவுபடுத்த இடம் தேவைப்பட்டது. ‘நாங்கள் எங்கே போவது?’ என்ற மனக்குறை மக்களிடம் இருந்தது. லயத்தைக் காலி செய்யச் சொன்னால் நம் வயிறு எப்படிக் கலங்கும்? அதே கலக்கம்தான்.

அக்டோபர் 31ஆம் தேதி வாக்குகளை எண்ணினார்கள். ஜெயரத்தினம் 653 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 75 பேர் கொண்ட மன்றத்தில் ஒரே ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர்!

அந்த ஒற்றை மனிதர் அங்கே என்ன செய்தார்? கணக்குக் கேட்டார். அமைச்சர் என்பவர் மக்களின் பணத்தையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்பவர்; அதனால் மக்கள் மன்றத்தில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது அவர் கொள்கை. விசாரணை இல்லாமல் யாரையும் சிறையில் வைக்கக் கூடாது, நீதிமன்றம் யாருக்கும் கட்டுப்படாமல் இருக்க வேண்டும், தொழிற்சங்கம் ஆளுங்கட்சியின் பிடியில் இருக்கக் கூடாது என்று வாதாடினார்.

இந்தக் கடைசி விஷயம் நமக்கு நன்றாகப் புரியும். 1968இல் சிங்கப்பூரில் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதவி உயர்வு, இடமாற்றம், வேலை நீக்கம், யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் நிர்வாகத்தின் உரிமை; அவற்றைப் பற்றித் தொழிற்சங்கம் பேரம் பேச முடியாது என்று ஆனது. முதலீடு வர வேண்டும், வேலை பெருக வேண்டும் என்பது அரசாங்கம் சொன்ன காரணம். ஆனால் என் அப்பாவை மேட்டு நிரைக்கு மாற்றினார்களே, அதுபோன்ற ஒன்றைச் சங்கம் கேட்கவே முடியாது என்றால் தொழிலாளிக்கு வேறு யார் துணை? அதோடு 1980களில் சிங்கப்பூர்த் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே அமைச்சராகவும் இருந்தார். அரசாங்கத்தைக் கேட்க வேண்டியவர் அரசாங்கத்துக்குள்ளேயே உட்கார்ந்தால் எப்படி என்பதே ஜெயரத்தினம் தரப்பின் கேள்வி.

1984 தேர்தலில் ஆன்சன் மக்கள் முன்பைவிட அதிக ஆதரவோடு அவரை மீண்டும் அனுப்பினார்கள். சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயதை 55இலிருந்து 60 ஆக்கலாம் என்ற யோசனை வந்து, தொழிலாளர்கள் கொதித்திருந்த ஆண்டு அது. நாடு முழுவதும் ஆளுங்கட்சியின் வாக்கு ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது.

பிறகுதான் அப்பா சொன்ன அந்தச் சிறை. கட்சிக்கு வந்த சில காசோலைகள் தொடர்பாக, கட்சிக் கணக்கில் பொய் உறுதிமொழி கொடுத்தார் என்பது அவர்மீதும் கட்சித் தலைவர்மீதும் வழக்கு. ஊரையெல்லாம் கணக்குக் கேட்டவர் மீதே கணக்கு வழக்கு! முதலில் விசாரித்த நீதிபதி 1984இல் ஒன்றைத் தவிர மற்றக் குற்றச்சாட்டுகளிலிருந்து இருவரையும் விடுவித்தார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. முடிவில், 1986இல், ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. நாடாளுமன்ற இடம் போயிற்று. வழக்கறிஞர் தொழிலும் போயிற்று.

தொழிலை இழந்ததை எதிர்த்து அவர் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1988இல் அது அவரை மீண்டும் வழக்கறிஞராகச் சேர்க்கும்படி தீர்ப்பளித்தது. செய்யாத குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டிருக்கிறார், பெரிய அநீதி நடந்திருக்கிறது என்றும் நீதிபதிகள் கருத்துரைத்தார்கள். ஆனால் குற்றவியல் தீர்ப்பை நீக்கும் அதிகாரம் அந்த வழக்கில் அவர்களுக்கு இல்லை. அதிபரிடம் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை.

அவர் எப்போதும் சரியாகவே பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவதூறு வழக்குகள் பல அவர்மீது வந்தன, நீதிமன்றங்களில் தோற்றார். அவற்றில் ஒன்று நம் மனத்தை வருத்துவது. 1995இல் தமிழ் மொழி வாரம் பற்றி அவர் கட்சிப் பத்திரிகையில் வந்த கட்டுரைக்காக ஏற்பாட்டாளர்களான தமிழர்களே வழக்குப் போட்டார்கள். தமிழுக்கு உழைத்தவர்களை அந்தக் கட்டுரை புண்படுத்திவிட்டது. கேள்வி கேட்பது வேறு, மனிதரைப் பழிப்பது வேறு. கேட்பவருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. அந்த இழப்பீட்டைக் கட்ட முடியாமல் 2001இல் அவர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டார். 1997 முதல் வகித்த தொகுதியில்லா உறுப்பினர் பதவியும் போனது.

எழுபது வயதைத் தாண்டிய முன்னாள் நீதிபதி, தெருவில் நின்று தாம் எழுதிய புத்தகங்களை விற்றார். 2007இல் கடனைக் கட்டி முடித்து வெளியே வந்தார். 2008இல், 82 வயதில், புதிதாக ஒரு கட்சி தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி காலமானார்.

அவர் என்ன சாதித்தார் என்று சிலர் கேட்கலாம். அவர் கொண்டுவந்து நிறைவேறிய சட்டம் என்று காட்ட எதுவும் இல்லை. ஆனால் அவருக்குப் பிறகு சிங்கப்பூர் நாடாளுமன்றம் எதிர்க்கட்சி உறுப்பினரே இல்லாமல் ஒரு பொதுத் தேர்தலைக்கூடக் கடந்ததில்லை. ஒருவர் எழுந்து நின்று கேட்டதால், கேட்கலாம் என்பது மற்றவர்களுக்கும் தெரிந்தது.

எங்கள் லயத்தில் ஒரு கிறிஸ்துவப் பாட்டி இருந்தார். பைபிளில் எசமான் தன் உக்கிராணக்காரனைக் கூப்பிட்டு, பொறுப்புக்குக் கணக்குக் கேட்கும் கதையைச் சொல்வார். நம் வீட்டிலோ சித்திரகுப்தன் கணக்கைச் சொல்லி வளர்த்தார்கள். சாமிக்கே கணக்குக் கொடுக்க வேண்டும் என்றால், மனிதருக்குக் கொடுப்பதில் என்ன வெட்கம்?

அந்த இரவில் மைலோ டின்னில் வைத்திருக்கும் அப்பாவின் 555 புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குக் கிராணி இருந்த நாற்காலியில் இன்றைக்கு நான் இருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ரசீதுகளையெல்லாம் பரப்பி உட்கார்ந்தேன். பேருந்துக்குக் கொடுத்த முன்பணம் 60 வெள்ளியை இரண்டு முறை செலவில் எழுதியிருந்தேன். அலமாரியில் ஓர் உறைக்குள் அந்தப் பணம் அப்படியே கிடந்தது. நான் திருடவில்லை. ஆனால் அந்தத் தாய் கேட்டிருக்காவிட்டால் அது அங்கேயே மறந்து போயிருக்கும். ‘நம்பிக்கை இல்லையா?’ என்று நான் கேட்டது, கணக்கைக் காட்டாமல் இருப்பதற்கு ஒரு சாக்காகத்தான் ஆகியிருந்தது.

கணக்கை முழுதாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அடுத்த கூட்டத்தில் என் தவற்றைச் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் அந்தத் தாய்க்கு நன்றி சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவர் மகன், சில நாள்களாக வகுப்பில் கையே தூக்காமல் இருந்தவன், அடுத்த வாரம் ஒரு கணக்கில் நான் செய்த தவற்றைச் சுட்டிக்காட்டினான். எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது.

தோட்டப்புறச் சகோதர சகோதரிகளே, சம்பள விவரத்தை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. சம்பளச் சீட்டை மடித்து வைத்துவிடாமல் படியுங்கள். பிள்ளைகளைக்கொண்டு படிக்கச் செய்யுங்கள். சேமநிதி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கோயில் கமிட்டியானாலும் சங்கமானாலும் பள்ளியானாலும், வாக்குக் கேட்டு வருகிற பெரிய மனிதரானாலும், மரியாதையோடு கணக்குக் கேளுங்கள். நாம் பொறுப்பில் இருந்தால், யாரும் கேட்கும்முன் காட்டுவோம்.

நம்மில் ஒருவர் எழுந்து நின்று கேட்கும்போது, தயவுசெய்து அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடாதீர்கள்.